ஜாதி நாய்

நமது வீட்டில் ஒரு நாய் இருக்கிறது. பெயர் மணி. மணி என்றால் வெறும் மணிதான். முன்னாலும் பின்னாலும் பட்டம் ஒன்றும் கிடையாது. 1929இல் செங்கற்பட்டில் கூடிய முதலாவது சுயமரியாதை மாகாண மாநாடு ஜாதிப் பட்டங்களை விட்டுவிட வேண்டுமென்று தீர்மானித்தது. அதை மனிதர்களில் அநேகர் இன்னும் நிறைவேற்றியபாடில்லை என்றாலும், நாய்கள் விஷயத்தில் பெரும்பாலும் அமுலில் இருந்து வருகிறது என்பதைச் சந்தோஷத்துடன் தெரிவித்துக் கொள்கிறோம்.

நாம் ஒரு நாள் திருச்சுழியில் கூட்டம் பேசிவிட்டு இரவு திரும்புகையில், குண்டாற்று மணலில் கிடந்து கத்திக் கொண்டிருந்த குட்டிதான் இது. அன்று கூட்டத்துக்கு வந்தவர்களில் கடைசி வரையில் நம்மோடு வந்தது இது ஒன்றுதான். ஒரு காது நிமிர்ந்திருக்கும், ஒரு காது மடிந்திருக்கும். நிறமோ செவலையா கறுப்பா என்று இன்னும் முடிவாகவில்லை. அருப்புக்கோட்டைக்குக் கொண்டு வந்த நாள் முதல், வீட்டுக்கு வருகிறவர்கள் கேட்கும் முதல் கேள்வி, "இது என்ன ஜாதி?" என்பதே. நமது ஜாதியைக் கேட்க ஆசைப்பட்டு, கேட்டால் என்ன பதில் வருமோ என்று பயந்து, நாயின் ஜாதியையாவது கேட்டு மனதை ஆற்றிக் கொள்கிறவர்களும் அதில் உண்டு. "பசிக்கிற ஜாதி" என்று நமது துணைவியார் பதில் சொல்லுவார்.

நிற்க, நமக்கு ஒரு மூத்த அக்காள் உண்டு. திருச்சுழிக்கு அப்பால் ஒரு கரிசல் கிராமத்தில் ஆடு வளர்த்துக் கொண்டிருக்கிறார். அவருக்கு மணியைக் கண்டாலே இளக்காரம். "நாயானாலும் ஜாதி வேண்டாமா தம்பி?" என்று கேட்டு, பல ஆயிரம் கொடுத்து ஒரு ராஜபாளையம் குட்டியை வாங்கினார். நமது விருதுநகர் ஜில்லாவிலேயே பெயர் பெற்ற ஜாதி அது. 2005இல் தபால் தலையில்கூட ஏறிவிட்டது. அக்காள் வாங்கியது பால் போல் வெள்ளை, மூக்கு ரோஜா நிறம். தெருவே வந்து பார்த்துவிட்டுப் போயிற்று.

ஆறு மாதம் கழித்து ஒரு இரவு பட்டியிலிருந்து இரண்டு ஆடுகள் களவு போயின. நாய் பட்டி வாசலிலேயே படுத்து நன்றாய்த் தூங்கிற்று. அக்காள் குறி கேட்கப் போனார். நாய்க்குக் கண்ணேறு பட்டிருப்பதாகச் சொல்லி 300 ரூபாய் வாங்கிக் கொண்டு, ஒரு கறுப்புக் கயிறும் எலுமிச்சம்பழமும் கொடுத்தார்கள். ஆக, ஆடு திருடினவன் ஒருவன், ரூபாய் வாங்கினவன் ஒருவன்.

விசாரிக்க நாம் குடும்பத்தோடு போயிருந்தோம். நாய்க்குப் பின்னால் நின்று ஒரு வெண்கலத் தாம்பாளத்தைக் கரண்டியால் ஓங்கித் தட்டினோம். வண்டியோடு வந்திருந்த மணி மூன்று வீடு தாண்டி ஓடிற்று. வெள்ளை நாய் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. அதற்குப் பிறவியிலேயே காது கேளாது. மாட்டு டாக்டரும் அப்படியே சொன்னார்.

காரணம் கண்ணேறு அல்ல. உடம்புக்கு நிறம் கொடுக்கிற உயிரணுக்கள் உள் காதிலும் இருந்தாக வேண்டும். அவை அங்கே இல்லாமற் போனால் குட்டி பிறந்த சில வாரத்துக்குள் காது செத்துவிடுகிறது. வெள்ளைதான் அசல் என்று தலைமுறை தலைமுறையாக வெள்ளையையே வெள்ளையோடு சேர்த்து, வேறு நிறத்தில் பிறந்த குட்டிகளைக் கழித்துக் கட்டினதன் பலன், இந்த ஜாதியில் செவிடு அதிகமானதுதான். வெள்ளை எல்லாம் செவிடல்ல. ஆனால் செவிடு எங்கே விழுமென்று விலை சொல்லுகிறவன் சொல்லுவதில்லை.

அக்காள் காப்பி கொடுத்துவிட்டு, தாம் முன்பே நினைத்து வைத்திருந்த சங்கதிக்கு வந்தார். அவர் பையனுக்கு நமது பெண்ணைக் கொடுக்க வேண்டுமாம். "அத்தை மகன் இருக்கையில் வெளியே போகலாமா? ரத்தம் கலந்து போகாதா தம்பி?" என்றார். பையன் நல்ல பையன், திருப்பூரில் வேலை, குற்றம் சொல்லுவதற்கில்லை. ஆனால் சொந்த அத்தை பிள்ளை, மாமன் பிள்ளை என்றால் இருவர் ரத்தத்திலும் எட்டில் ஒரு பங்கு ஒன்றேதான். நாய் சங்கதி நிறத்தால் வந்தது. மனிதர் சங்கதி அதுவல்ல. ஒரே பாட்டன் பாட்டியிடமிருந்து ஒளிந்து வந்த குறை இரண்டு பக்கமும் சேர்ந்தால் பிள்ளையிடத்தில் வெளிப்பட்டுவிடும். இங்கிலாந்தில் பிராட்போர்டு நகரத்துக் குழந்தைகளை வைத்துச் செய்து 2013இல் வெளியிட்ட ஆராய்ச்சியில், நூற்றுக்கு 3 என்றிருக்கும் பிறவிக் குறை இத்தகைய கலியாணத்தில் 6 ஆவதாகக் கண்டிருக்கிறார்கள். நம் நாட்டிலும் பிறவிச் செவிடான பிள்ளைகளின் தாய் தகப்பனை விசாரித்தால், நெருங்கிய உறவில் முடித்தவர்கள் மிகுதியாகவே இருக்கிறார்கள்.

இதையெல்லாம் நாம் மேடையில் பேசுவது போல் கையை ஆட்டிப் பேசினோம். அக்காள் பொறுமையாய்க் கேட்டுவிட்டு, "நம்ம ஆத்தாளும் அப்பனும் மாமன் மகளும் அத்தை மகனும்தானே? நீ செவிடாவா பிறந்தே?" என்றார்.

"பிறக்கும்போது இல்லை மதினி, சொன்னால் காதில் விழாதது எனக்கு வாழ்க்கைப்பட்ட பிறகுதான்" என்று நமது துணைவியார் அடுப்பங்கரையிலிருந்து சொன்னார். சொன்னதோடு நில்லாமல், "இவ்வளவு நேரம் பேசினீர்களே, அந்தப் பிள்ளையை யாராவது கேட்டீர்களா?" என்றும் கேட்டார்.

உண்மையில் நாம் கேட்கவில்லை. பெண்ணுக்குப் புருஷனைத் தெரிந்தெடுக்கும் உரிமை வேண்டுமென்று எத்தனையோ ஊரில் தொண்டை கட்டப் பேசியிருக்கிறோம். அந்த உரிமைக்குரியவள் பத்தடி தூரத்தில் மணிக்கு உண்ணி பொறுக்கிக் கொண்டிருந்தாள். அக்காள் அவளை விலையில் வைத்துப் பேசினார். நாம் கணக்கில் வைத்துப் பேசினோம். அவளை இருத்தி வைத்து ஒரு வார்த்தை பேசியவர் யாருமில்லை.

வெட்கத்தோடு கூப்பிட்டுக் கேட்டோம். அவள் உண்ணியை நசுக்கிவிட்டு, "அத்தானும் நானும் தைக்கே பேசி முடிச்சாச்சுப்பா. அவருக்கும் வேண்டாம், எனக்கும் வேண்டாம். உங்களிடம் சொல்ல அவருக்குப் பயம், எனக்கு நேரமில்லை" என்றாள். அப்போது ஆடி மாதம்.

அக்காள் கொஞ்ச நேரம் பேசவில்லை. நாம் வண்டி ஏறும்போது வெள்ளை நாய் பக்கத்தில் நின்றது. குரல் கொடுக்காமல் தரையைக் காலால் தட்டினால் அது திரும்புமென்று டாக்டர் சொல்லியிருந்தார். அக்காள் தட்டிப் பார்த்தார், திரும்பிற்று. அதன் தலையைத் தடவிக் கொண்டே நம்மைப் பார்த்து, "குண்டாத்துப் பக்கம் மணி மாதிரி இன்னொரு குட்டி கிடந்தா எடுத்து வை தம்பி. ஆடு இன்னும் பதினொண்ணு இருக்கு" என்றார்.