ஒரு மணி நேரத்துக்கு என்ன விலை?

மும்பை–அகமதாபாத் புல்லட் ரயில், 508 கிலோமீட்டர். அதனால எவ்வளவு நேரம் மிச்சம், அந்த நேரம் எவ்வளவு ரூபாய் பெறும்னு கணக்குப் போடுறாங்க. போடட்டும். ஆனா ஆளோட சம்பளத்தை வச்சு அவர் நேரத்துக்கு விலை போடுறதுதான் அந்தக் கணக்குல வழக்கம். அப்படிப் பார்த்தா, விடியுமுன்னே தூக்குச்சட்டியோட ஜீப்புல நெருக்கி உக்காந்து, போடிமெட்டு ஏறி ஏலக்காய் எடுக்கப் போற எங்க ஊர்ப் பொம்பளைங்க நேரம் ரொம்ப மலிவு.

எத்தனை பேர் ஏறுவாங்கன்னு எண்றதும் அப்படித்தான். மதுரை–போடி மீட்டர்கேஜ் ரயில் 2010 கடைசியில நின்னுச்சு. அகலப்பாதையில 2023 ஜூன் 15ல்தான் திரும்ப வந்துச்சு. இடையில பன்னெண்டு வருஷம் எல்லாரும் பஸ்ஸுக்குப் பழகிட்டோம். ரயிலே இல்லாத ஊர்ல ரயிலுக்கு ஆள் எண்ணினா என்ன தேறும்?

போன வருஷம் வீட்டுக்காரியை மதுரை ஆஸ்பத்திரிக்கு ரயில்ல கூட்டிப்போனேன். பஸ்ஸுன்னா குலுங்கி வாந்தி எடுப்பா. அன்னைக்குச் சன்னலோரம் சாஞ்சு தூங்கிட்டே வந்தா. அந்தத் தூக்கத்தை எந்தக் கணக்குல எழுதுவாங்க?

வேகம் வேணாம்னு சொல்லலைங்க. கணக்குப் போடுறவங்க ஒருநாள் அந்த விடிகாலை ஜீப்புல ஏறிட்டு வந்து போடட்டும்.