பட்டியலைப் பஞ்சாயத்துச் சுவரில் ஒட்டுங்கள்

ஆம்பூர்ப் பக்கம் மருமகளாக வருகிறவர்கள் முதலில் கற்றுக்கொள்வது, எந்தத் தண்ணீர் எதற்கு என்பதைத்தான். குழாயில் வருவது குடிக்கவும் உலைக்கும். கிணற்றுத் தண்ணீர் பாத்திரம் தேய்க்க மட்டும். கல்யாணமான புதிதில் இது தெரியாமல் கிணற்றுத் தண்ணீரில் பருப்பு போட்டேன். விறகு தீர்ந்ததே தவிர, பருப்பு வேகவில்லை! மாமியாரிடம் நன்றாக வாங்கிக் கட்டிக்கொண்டேன். "இந்தக் கிணத்துலதாம்மா ஒரு காலத்துல தெருவே குடிச்சுது" என்று பிறகு அவரே சொன்னார்.

டேனரிக் கழிவுதான் காரணம் என்பது ஊரறிந்த விஷயம். வேலூர் குடிமக்கள் அமைப்பு ஒன்று தொடர்ந்த வழக்கில், 1996 ஆகஸ்ட் 28-ல் நீதிபதி குல்தீப் சிங் தலைமையிலான சுப்ரீம் கோர்ட் பெஞ்ச், மாசுபடுத்தியவரே நஷ்டஈடு தரவேண்டும் என்று தீர்ப்பளித்தது. சுமார் 35,000 ஹெக்டேர் விளைநிலம் பாழானதாக அந்தத் தீர்ப்பிலேயே இருக்கிறது. இதற்காக ஏற்பட்ட ஆணையம் 2001 மார்ச்சில், 547 டேனரிகள் 29 ஆயிரத்துக்கும் மேற்பட்டவர்களுக்கு சுமார் 26 கோடியே 82 லட்ச ரூபாய் கொடுக்கவேண்டும் என்று உத்தரவிட்டது. வகுத்துப் பாருங்கள். தலைக்கு ஒன்பதாயிரம் சொச்சம். அதில் ஒரு போர் போட முடியுமா?

எங்களுக்கும் மாமனார் பேரில் ஒரு தொகை வந்தது. பக்கத்து வரப்புக்காரருக்கு வேறு தொகை. அதே மண், அதே உப்பு, ஏன் வித்தியாசம்? விவரம் கேட்கப் போன அலுவலகத்தில் "எல்லாம் ஃபைல்ல இருக்கும்மா" என்றார்கள். இருக்கட்டும், எங்கள் கண்ணில் காட்டினால் என்ன? கணக்கு சரியாகவே இருந்திருக்கலாம். காட்டாததால்தான் இரண்டு வீட்டுக்கும் இன்றுவரை மனஸ்தாபம். எங்கள் தெருவில் தொகை வாங்கியவர்கள் எல்லாம் பட்டா வைத்திருந்தவர்கள். குத்தகைக்கு உழுதவருக்கும், நடவும் களையும் போய்விட்டதால் கூலி இழந்த பெண்களுக்கும் ஒன்றும் வரவில்லை. தண்ணீருக்காக மூன்று மைல் நடந்த இடுப்பு வலியை எந்த சர்வே நம்பரில் எழுதுவது?

டேனரியை மூடு என்று நான் சொல்ல வரவில்லை. எங்கள் தெருப் பெண்கள் பாதிப் பேர் ஷூ கம்பெனி பஸ்ஸில் ஏறித்தான் குடும்பத்தைக் காப்பாற்றுகிறார்கள். டேனரிகளின் பொது சுத்திகரிப்பு நிலையங்களுக்கு மத்திய, மாநில அரசுகள் மானியம் கொடுப்பதிலும் தப்பில்லை. ஆனால் அது நம் வரிப்பணம். 2015 ஜனவரி 31 அதிகாலை ராணிப்பேட்டையில் ஒரு நிலையத்தின் தொட்டிச் சுவர் உடைந்து, தூங்கிக்கொண்டிருந்த 10 தொழிலாளர்கள் இறந்துபோனார்கள். அதற்குப் பிறகாவது, எந்த நிலையத்துக்கு எவ்வளவு கொடுத்தார்கள், அதில் என்ன கட்டினார்கள் என்று பக்கத்தில் குடியிருப்பவர்களுக்குத் தெரியவேண்டாமா?

எங்கள் மகளிர் குழுவில் ஐயாயிரம் கடன் கொடுப்பதென்றாலும் தீர்மான நோட்டில் எழுதி, எல்லோர் முன்னாலும் வாசித்து, கையெழுத்து வாங்குகிறோம். எழுதத் தெரியாத அக்காமார்கள் கைநாட்டு வைக்கிறார்கள். யாருக்கு, ஏன், எவ்வளவு என்பது எல்லோருக்கும் தெரியும். அதனால் சண்டை வருவதில்லை (வந்தாலும் அங்கேயே தீர்ந்துவிடும்). கோடிக்கணக்கில் கொடுக்கிற சர்க்காருக்கு இது முடியாதா?

2025 ஜனவரி 30-ல் சுப்ரீம் கோர்ட் மறுபடி ஒரு தீர்ப்பு சொன்னது. நஷ்டஈடு கிடைக்காதவர்களுக்கு ஆறு வாரத்துக்குள் அரசே கொடுத்துவிட்டு, மாசுபடுத்தியவர்களிடம் வசூலிக்க வேண்டும் என்று உத்தரவு. இந்தத் தடவையாவது சர்வே நம்பர், பரப்பு, தொகை, கணக்கிட்ட விதம் எல்லாவற்றையும் எழுதி, பஞ்சாயத்து ஆபீஸ் சுவரில் ஒட்டவேண்டும். விட்டுப்போனவர்கள் மனுக் கொடுக்க ஒரு மாதமாவது தரவேண்டும். மானியம் யாருக்கு, எவ்வளவு என்பதை யாரும் கேட்காமலே வெளியிடவேண்டும் என்று 2005-ம் வருஷத்துத் தகவல் உரிமைச் சட்டத்திலேயே இருக்கிறதே. மார்ச் 22, உலகத் தண்ணீர் தினத்தன்றும் இப்போது கிராமசபை கூடுகிறது. இதை வாசிக்க அதைவிடப் பொருத்தமான நாள் ஏது?

மாமனார் இன்று இல்லை. மாமியாருக்குக் கண் சரியாகத் தெரிவதில்லை. "கிணத்துக்கு எவ்ளோ போட்டாங்க, தென்னைக்கு எவ்ளோ போட்டாங்கன்னு ஒரு தடவ படிச்சுக் காட்டும்மா" என்கிறார். படித்துக்காட்ட நான் தயார். பட்டியலைத்தான் இன்னும் காணோம்.

- ஒரு வாசகி, ஆம்பூர்