மாற்றப்பட்ட வழக்கும் நடுவரின் அதிகாரமும்

பொதுவழியை அடைத்து எழுப்பிய சுவர், குடியிருப்பின் நடுவே புகை கக்கும் உலை, தெருவில் வழிந்தோடும் கழிவுநீர் ஆகிய பொதுத்தொல்லைகளை அகற்றக் கோரி நிர்வாக நடுவரிடம் முறையிடலாம். 1973-ஆம் ஆண்டின் குற்றவியல் நடைமுறைச் சட்டத்தில் 133-வது பிரிவாக இருந்த இந்த வழி, 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் உள்ள பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவில் 152-வது பிரிவாகத் தொடர்கிறது.

இப்பிரிவின் வலிமையை நாடு உணர்ந்தது ரத்லாம் வழக்கில். மத்தியப் பிரதேசத்தின் அந்த நகரில் திறந்த சாக்கடையாலும் ஆலைக் கழிவாலும் அவதியுற்ற மக்கள் உட்கோட்ட நடுவரை அணுகினர். நிதி இல்லை என்ற நகராட்சியின் வாதத்தை ஏற்காமல், நடுவரின் அதிகாரத்தை 1980-இல் உச்ச நீதிமன்றம் உறுதி செய்தது. தீர்ப்பை எழுதியவர் நீதிபதி வி.ஆர். கிருஷ்ணய்யர்.

ஆனால், ஒரு நடுவர் தொடங்கிய நடவடிக்கை வேறொருவருக்கு மாற்றப்படும்போது, அதை விசாரிக்க அவருக்கு அதிகாரம் உண்டா என்ற கேள்வி எழுகிறது. சட்டம் இரண்டு படிகளை வேறுபடுத்துகிறது. தொல்லையை அகற்றுமாறு நிபந்தனை உத்தரவு பிறப்பிக்க மாவட்ட நடுவர், உட்கோட்ட நடுவர், மாநில அரசு தனியே அதிகாரம் வழங்கிய நிர்வாக நடுவர் ஆகியோரால் மட்டுமே இயலும். அந்த உத்தரவை எதிர்ப்பவரின் ஆட்சேபத்தைத் தமக்குக் கீழுள்ள மற்றொரு நிர்வாக நடுவர் விசாரிக்குமாறு அவர்கள் பணிக்கலாம். எனவே, வழக்கு மாற்றப்பட்டது என்பதே குறையாகிவிடாது. தொடக்க உத்தரவைப் பிறப்பித்தவர் யார் என்பதே முதன்மையான கேள்வி.

இது வெறும் நடைமுறை நுணுக்கமல்ல. அதிகாரம் பெறாத நடுவர் பிறப்பிக்கும் உத்தரவு செல்லாது என்று சட்டமே கூறுகிறது. உரிமையியல் நீதிமன்றத்தில் கேள்விக்கு உள்ளாக்க முடியாது என்ற பாதுகாப்பும் முறைப்படி பிறப்பித்த உத்தரவுக்கு மட்டுமே உரியது. பல மாத விசாரணைக்குப் பின் மேல்முறையில் இக்குறை வெளிப்பட்டால், மக்கள் மீண்டும் முதலிலிருந்து தொடங்க வேண்டும். சாக்கடை அதே இடத்தில் ஓடிக்கொண்டிருக்கும். மறுபுறம், அதிகாரம் இல்லாத ஓர் அலுவலரின் ஆணையால் ஒருவரது கட்டடம் இடிக்கப்படுவதும் அநீதியே.

எதிர்க்கட்சி உறுப்பினர்கள் பெருமளவில் இடைநீக்கம் செய்யப்பட்டிருந்த 2023 டிசம்பரில் நாடாளுமன்றம் நிறைவேற்றிய புதிய சட்டம், இவ்விசாரணையை 90 நாள்களிலும், காரணம் பதிவு செய்து நீட்டித்தால் 120 நாள்களிலும் முடிக்கச் சொல்கிறது. காலவரம்பு வரவேற்கத்தக்கது. ஆனால், அதிகாரமற்றவர் விரைந்து வழங்கும் உத்தரவால் எவருக்கும் பயனில்லை.

தனி அதிகாரம் பெற்ற நடுவர்களின் பட்டியலை மாநில அரசுகள் மக்கள் அறிய வெளியிட வேண்டும். வழக்கை மாற்றும் ஆணை எழுத்தில், காரணத்துடன் கோப்பில் இருக்க வேண்டும். அதிகாரவரம்பு குறித்த ஆட்சேபத்தை முதல் விசாரணை நாளிலேயே தீர்த்துவிட வேண்டும். இவற்றுக்குப் புதிய சட்டம் எதுவும் தேவையில்லை. நிர்வாகத்தின் கவனம் ஒன்றே போதும்.