இணைப்பும் இணக்கமும்

"கூடி வாழ்ந்தால் கோடி நன்மை" என்னும் பழமொழியைச் சங்கக் கூட்டங்களில் நாம் கேளாத நாளில்லை. சிறு சங்கங்களை ஒன்றாக்குவது பற்றிய பேச்சு எழும்போதெல்லாம் இதுவே முதலில் வந்து நிற்கும். ஆயின், எவற்றை ஒன்றாக்கினால் அக்கூட்டு நிலைக்கும் என்று எண்ணிப் பார்ப்போர் சிலரே. பிரிட்டன் நாட்டு நிலக்கரிச் சுரங்கத் தொழிலாளர் சங்கங்களின் வரலாறு இவ்வினாவிற்கு நல்லதொரு விடை தருகிறது.

அந்நாட்டில் ஒவ்வொரு நிலக்கரி வட்டாரத்திலும் தனித்தனிச் சங்கங்கள் இயங்கின. அவற்றுள் பல 1889இல் நியூபோர்ட் நகரில் கூடிச் சுரங்கத் தொழிலாளர் சம்மேளனத்தை அமைத்தன. நாளொன்றுக்கு எட்டு மணி நேர வேலையைச் சட்டமாக்க வேண்டும் என்பது அதன் தலையாய கோரிக்கை. டர்ஹாம், நார்தம்பர்லாந்து வட்டாரத்தார் இதற்கு உடன்படவில்லை. அங்கே கரி வெட்டுவோர் எட்டு மணிக்கும் குறைவாகவே உழைத்தனர்; வெட்டிய கரியை அகற்றும் சிறுவர்களே நெடுநேரம் உழைத்தனர். பொதுச் சட்டம் வந்தால் தம் ஏற்பாடு குலையும் என அவர்கள் அஞ்சினர். 1907இல் நார்தம்பர்லாந்தும் 1908இல் டர்ஹாமும் சேர்ந்த பின்னரே சம்மேளனம் நாடு தழுவியதாயிற்று.

ஆயினும் நிதியும் அலுவலர்களும் வட்டாரச் சங்கங்களிடமே இருந்தன. கூலியும் வட்டாரந்தோறும் வேறுபட்டது. இலாபம் மிக்க சுரங்கங்கள் நலிந்தவற்றைத் தாங்குமாறு நாடு முழுமைக்கும் ஒரு பொது நிதி வேண்டுமென்று 1921இல் சம்மேளனம் போராடித் தோற்றது. 1926இல் கூலிக் குறைப்பை எதிர்த்து ஏழு மாத காலம் நீடித்த போராட்டத்தில், நல்ல கரிப் படுகைகளையும் உள்நாட்டுச் சந்தையையும் உடைய நாட்டிங்ஹாம்ஷயரில் ஒரு பிரிவினர் ஜார்ஜ் ஸ்பென்சர் தலைமையில் தனியே உடன்பாடு செய்துகொண்டு வேறு சங்கம் கண்டனர். அப்பிளவு 1937 வரை ஆறவில்லை.

1945 ஜனவரி முதல் நாளன்று சம்மேளனம் தேசியச் சுரங்கத் தொழிலாளர் சங்கமாக மாறியது. 1947இல் சுரங்கங்கள் அரசுடைமையாயின. எனினும் பெயரளவில் ஒன்றான சங்கத்திற்கு உயிரூட்டியது 1966ஆம் ஆண்டு ஒப்பந்தமே ஆகும். இயந்திரம் கொண்டு கரி எடுக்கும் முகப்புகளில் உழைப்போர்க்கு, வட்டார வேறுபாடு படிப்படியாக நீங்கி, ஒரே நாட்கூலி கிடைக்க அது வழி செய்தது. கூலி ஒன்றானபோது குறிக்கோளும் ஒன்றாயிற்று. 1972, 1974ஆம் ஆண்டுகளின் வேலை நிறுத்தங்களில் நாடு முழுவதும் ஒரே அணியாக நின்று அவர்கள் வெற்றி பெற்றனர்.

அதன் பின்னர் உற்பத்திக்கேற்ற ஊக்கத்தொகைத் திட்டம் வந்தது. 1977இல் உறுப்பினர் வாக்கெடுப்பில் அது தோற்றபோதிலும், பல வட்டாரங்கள் தனித்தனியே அதனை ஏற்றன. வளமான படுகையில் உழைப்பவனுக்கு ஒரு வருவாய், வறண்ட படுகையில் உழைப்பவனுக்கு வேறு வருவாய் என்னும் நிலை மீண்டது. 1984இல் சுரங்க மூடலை எதிர்த்து வேலை நிறுத்தம் தொடங்கியபோது, தேசிய வாக்கெடுப்பு நடத்தப்படவில்லை என்பதைச் சுட்டி, நாட்டிங்ஹாம்ஷயரில் பெரும்பாலோர் பணிக்குச் சென்றனர். 1985இல் வேலை நிறுத்தம் தோற்றது. அவ்வாண்டே தனிச் சங்கமும் தோன்றியது. 1926இல் கிழிந்த அதே இடத்தில் துணி மறுபடியும் கிழிந்தது. 2015இல் கடைசி ஆழ்சுரங்கமும் மூடப்பட்டது.

இரு தரப்பாருள் எவரையும் பழிப்பது நம் நோக்கமன்று. இரண்டு பாடங்களை மட்டும் நாம் மனத்திற்கொள்ள வேண்டும். பெயர்ப்பலகையும் முத்திரையும் ஒன்றாவதால் நலன்கள் ஒன்றாகிவிடா என்பது முதலாவது. உறுப்பினரின் வாக்கைக் கேளாமல் எடுக்கும் முடிவு, அது நல்ல முடிவேயாயினும், பிரிந்து செல்வோர்க்குக் காரணத்தைக் கொடுத்துவிடும் என்பது இரண்டாவது.

ஆகவே, இரண்டு நெசவாளர் சங்கங்களோ விளைவிப்போர் சங்கங்களோ இணைய முற்படும்போது, தலைவர் யார் என்னும் வினா பின்னால் வரட்டும். கூலி விகிதம் எப்படி, விளைபொருளுக்குத் தரும் விலை எப்படி, நலிந்த சங்கத்தின் கடனை யார் ஏற்பது என்பவற்றையே முதலிற் பேசுதல் வேண்டும். அவற்றைப் பொதுப்பேரவையின் முன் வைத்து, ஒவ்வோர் உறுப்பினரும் அறிந்து வாக்களித்த பின்னரே கையொப்பமிடுதல் நன்று. காலம் சற்று நீளலாம். ஆனால் அவ்வாறு நெய்த துணியே நீடித்து உழைக்கும்.