சொன்னவருக்கு மாலை, கேட்டவனுக்குப் புகை!



நம் தேசத்துக்குத் தன் மாவீரர்களைக் கௌரவிக்கத் தெரியாது என்று யாராவது சொன்னால் நம்பாதீங்க. 2024 பிப்ரவரி 9-ந்தேதி எம்.எஸ்.சுவாமிநாதனுக்கும் சரண்சிங்குக்கும் பாரத ரத்னா அறிவித்தார்கள். இருவரும் காலமான பிறகுதான் என்றாலும் மகிழ்ச்சியே. நாலே நாள் கழித்து, 13-ந்தேதி, அதே சுவாமிநாதன் கமிஷன் சொன்ன விலையைக் கேட்டு டெல்லிக்குக் கிளம்பிய பஞ்சாப் விவசாயிகளுக்கு ஷம்பு எல்லையில் கண்ணீர்ப் புகைக் குண்டு! அதையும் ட்ரோனில் கொண்டுவந்து தலைக்கு மேலே போட்டார்கள்.

கமிஷன் 2006-ல் என்ன சொன்னது? உற்பத்திச் செலவுக்கு மேல் குறைந்தது 50 சதம் சேர்த்து ஆதரவு விலை கொடு என்றது. 2018 பட்ஜெட்டில் 'ஒன்றரை மடங்கு தந்தாச்சு' என்றார்கள். கணக்கைப் பிரிச்சுப் பார்த்தால் கைச்செலவும் குடும்ப உழைப்பும் மட்டும்தான் இருக்கு. சொந்த நிலத்தின் குத்தகை மதிப்பையும், போட்ட முதலுக்கு வட்டியையும் காணோம்!

சரி, விலைதான் தர முடியாது, விருதையாவது உருப்படியாகத் தரட்டும். நமது யோசனைகள்:

1. பாரத ரத்னாவோடு பணம் கிடையாது, அரச இலை வடிவப் பதக்கம்தான். விவசாயிக்கு மட்டும் அதைத் தங்கத்தில் செய்யட்டும். கூட்டுறவு சங்கத்தில் அடகு வைத்து உரம் வாங்கிக்கலாம்.

2. உழவன் படம் போட்டுத் தபால்தலை வெளியிடட்டும். நகை ஏல நோட்டீஸில் அதையே ஒட்டி அனுப்பட்டும். நம்ம முகம் நம்ம வீட்டுக்கே வந்து சேரும்.

3. உழவனுக்குச் சிலையை நெல் கொள்முதல் நிலைய வாசலில் வைக்கட்டும். சிலைக்கு எப்படியும் கூரை போடுவாங்க. மழை வந்தால் மூட்டைகளை அதுக்கடியில் தள்ளிக்கலாம்.

4. 'நாட்டின் முதுகெலும்பு' பட்டம் மட்டும் வேண்டாம். அப்படிச் சொல்லிச் சொல்லியே முதுகுமேல ஏறி உக்காந்துட்டாங்க.

விவசாயிகளே! 1970-ல் பெருமாநல்லூரில் மின்கட்டண உயர்வை எதிர்த்த 3 விவசாயிகள் போலீஸ் குண்டுக்குப் பலியானார்கள். டெல்லி அவர்களுக்குப் பதக்கம் தரவில்லை. ஆனால் போராட்டம் நிற்கவில்லை, 1990-ல் எல்லா விவசாயிக்கும் இலவச மின்சாரம் வந்தது. இன்று பம்புசெட் சுவிட்சைப் போடுகிற ஒவ்வொரு கையும் அவர்களுக்குச் செய்கிற மரியாதைதான்.

வீரனுக்கு மரியாதை, அவன் கேட்டதைக் கொடுப்பது. சுவாமிநாதனுக்கும் அதுதான் மரியாதை. மாலை வாடிப்போகும், சட்டம் நிற்கும்.

ஆதரவு விலைக்குச் சட்டம் போடு!
அதுவரை ஓயாது எங்கள் போராட்டம்!