சுவருக்கு அப்பால் கேளாத தட்டெழுத்து

பதுளையிலிருந்து ஸ்பிரிங்வெலிப் பக்கமாக ஏறிச் செல்லும் பாதையில், தேயிலைச் செடிகளுக்கு நடுவே நீண்டு கிடக்கும் லயம் ஒன்றில் எமக்குத் தங்கை முறையான அம்மாள் ஒருவர் வசிக்கிறார். அவருடைய மகள் பகலில் கணக்கியற் பரீட்சைக்குப் படிக்கிறாள். இரவில் தட்டெழுத்து வேலை செய்கிறாள். ரியூசன் ஆசிரியர்களின் வினாத்தாள்களும், கையெழுத்தில் வரும் கட்டுரைகளும் அவளிடம் வருகின்றன. பக்கத்துக்கு இவ்வளவு என்று கூலி. பரீட்சைக் கட்டணம் முழுவதும் அந்தக் கூலியிலிருந்தே செல்கிறது.

சென்ற மாதம் நாம் அங்கே போயிருந்தபோது வீட்டில் ஒரு சங்கடம் நிலவியது. அடுத்த காம்பராவில் இருக்கும் பெரியம்மா, வைகறையில் எழுந்து கொழுந்தெடுக்கப் போகிறவர். அவர் வந்து, "பிள்ளையை ஒன்றும் சொல்லவில்லை தங்கச்சி, கண்ணை மூடினால் மரங்கொத்தி கொத்துகிறது போல இருக்கிறது" என்று சொல்லிவிட்டுப் போனாராம். சண்டை பிடித்திருந்தால் பதில் சொல்லியிருக்கலாம். இப்படிச் சொன்னால் என்ன செய்வது? "இரவு வேலையை விட்டுவிடட்டுமா, மாமா?" என்று மருமகள் எம்மைக் கேட்டாள்.

லயத்தின் அமைப்பை அறியாதவர்களுக்குச் சொல்கிறோம். பத்தடிக்குப் பன்னிரண்டடி என்ற கணக்கில் வரிசையாகக் கட்டிய காம்பராக்கள்; எல்லாவற்றுக்கும் ஒரே கூரை. பழைய லயங்களில் இடைச்சுவர் கூரை வரை எழும்பாது. மேலே இடைவெளி இருக்கும். ஒருவர் இருமினால் அடுத்தவர் வீட்டில் சுக்குத்தண்ணீர் வைக்கலாம். அப்படிப்பட்ட இடத்தில் இரவு பதினொரு மணிக்குத் தட்டெழுத்து என்றால் பெரியம்மாவைக் குறை சொல்ல இடமில்லை.

ஓசைக்குக் காரணம் அவளிடமிருந்த விசைப்பலகை. கொழும்பில் வேலை பார்க்கும் அண்ணன் முறையான ஒருவர் தமக்குப் புதியது வாங்கியபின் கொடுத்த பழைய பலகை அது. கடைகளில் மலிவாகக் கிடைக்கும் சாதாரணப் பலகையில் விசைகளுக்கு அடியிலே ஒரு ரப்பர் விரிப்புத்தான் உண்டு. இதிலோ ஒவ்வொரு விசைக்கும் தனித்தனி ஆளி. ஓர் ஆளியைத் திறந்தால் உள்ளே சிறு சுருள்வில், மேலும் கீழும் ஓடும் ஒரு தண்டு, ஒன்றையொன்று தொட்டு மின்னோட்டத்தை இணைக்கும் இரு மெல்லிய தகடுகள் ஆகியவற்றைக் காணலாம். 1980களில் ஜெர்மனியின் செர்ரி நிறுவனம் கொண்டுவந்த அமைப்பு இது. காப்புரிமைக் காலம் கடந்தபின் சீனத்திலே பலர் அதே மாதிரியில் செய்யத் தொடங்கினர். அதனாலேயே விலை இறங்கிற்று. சிவப்புத் தண்டு வழுக்கிக்கொண்டு இறங்கும். மண்ணிறத் தண்டு நடுவில் ஒரு சிறு தடை காட்டும். நீலத் தண்டுக்குத் தடையும் உண்டு, 'கிளிக்' என்ற சத்தமும் உண்டு. மருமகளுக்கு வாய்த்தது நீலம்.

ரப்பர்ப் பலகை ஒன்றை வாங்கிவிட்டால் ஆயிற்றே என்று சிலர் கேட்பீர்கள். நியாயமான கேள்வி, வேறு யாராவது வந்து கேட்டிருந்தால் நாமும் அதைத்தான் சொல்லியிருப்போம். ஆனால் அவள் முன்பு வைத்திருந்தது அதுவே. அதில் விசையை அடிவரை அழுத்த வேண்டியிருந்ததால் விரல் நொந்தது. இரண்டு மாரிக்குள் சில எழுத்துக்கள் செத்தும்விட்டன. இந்தப் பலகையில் அவளுக்கு வேகமும் கூடியிருக்கிறது. பக்கக் கூலிக்கு வேலை செய்கிறவளிடம் வேகத்தைக் குறைத்துக்கொள் என்று சொல்ல எமக்கு மனம் வரவில்லை. ஆகவே இருப்பதைத் திருத்துவோம் என்று உட்கார்ந்தோம்.

முதற் காரியத்துக்குக் காசு வேண்டியிருக்கவில்லை. மேசை, பெரியம்மாவின் பக்கத்துச் சுவரோடு ஒட்டிக் கிடந்தது. விரல் அடிக்கும் அதிர்ச்சி மேசைக்கு இறங்கி, மேசையிலிருந்து சுவருக்குள் ஏறி, மறுபுறம் போய் ஒலித்துக்கொண்டிருந்தது. மேசையை ஒரு சாண் இழுத்துப் போட்டு, பலகைக்கு அடியில் பழைய கம்பளித் துண்டு ஒன்றை நான்காக மடித்து வைத்தோம். தங்கை மழைக்குப் போர்த்திக் கொழுந்தெடுத்த கம்பளி அது. முன்னாளில் கந்தோர்களில் தட்டெழுத்துப் பொறிக்கு அடியில் தடித்த கம்பளித் தட்டு விரிப்பார்கள் அல்லவா? அதே உபாயந்தான். இவ்வளவிலேயே சத்தத்தில் கணிசமான பங்கு குறைந்தது. (கம்பளியைப் பலகைக்கு உள்ளே மட்டும் திணிக்கக் கூடாது. உரசினால் அதில் மின்னேற்றம் உண்டாகும். மின்சுற்றுக்கு அது ஆகாது.)

அடுத்து, பலகையைத் திறந்தோம். திறப்பதற்கு முன் விசை மூடிகள் இருந்த வரிசையைத் தொலைபேசியிற் படம் பிடித்துக்கொள்வது நன்று. மூடிகளைப் பிடுங்குவதற்குக் கடையிற் கருவி விற்கிறார்கள். நாம் கடதாசிக் கிளிப் இரண்டை வளைத்துக் கொக்கியாக்கினோம். மூடிகளைச் சவர்க்கார நீரிற் கழுவி வெயிலில் வைத்தோம். ஐப்பசிக்கும் தைக்கும் நடுவில் இதைச் செய்கிறவர்கள் பொறுமை காக்க வேண்டும். ஊவாவில் வடகீழ்ப் பருவமழை இறங்கிவிட்டால் ஈரம் உலர நாட்கள் செல்லும். ஈரமூடியை மாட்டினால் ஆளிக்குள் நீர் இறங்கும்.

உள்ளே வெறும் வெளியாக இருந்தது. மத்தளம் போல ஒலித்ததற்குக் காரணம் அந்த வெற்றிடமே. பொதி ஒன்றைச் சுற்றி வந்த மெல்லிய ஸ்பொஞ் விரிப்பை அளவாக வெட்டி, மின்சுற்றுத் தட்டுக்கும் அடிப்பெட்டிக்கும் இடையில் விரித்தோம். திருகாணிகளுக்கு வழி விட்டு வெட்ட வேண்டும். தடிப்பு மிகுந்தால் பெட்டி மூடாது. ரெஜிபோம் வேண்டாம், அது கிறீச்சிடும். பிறகு மின்சுற்றுத் தட்டின் முதுகில் மாஸ்கிங் டேப்பை இரண்டு அடுக்கு ஒட்டினோம். இதனாற் சத்தம் பெரிதாகக் குறைந்துவிடாது; கூர்மை மழுங்கிச் சற்றே தாழ்ந்த சுருதிக்கு வரும். கூரிய ஓசைதான் உறக்கத்தைக் குத்துவது என்பதால் அதுவும் இலாபமே. பளபளக்கும் அலுமினிய டேப்பை எவரும் ஒட்டிவிடாதீர்கள்; அது மின்கடத்தி. பற்றரியில் இயங்கும் பலகையானால் பற்றரி இருக்கும் இடத்தை அழுத்தவோ மூடவோ கூடாது.

இனி ஆளிகள். நல்ல காலமாக இது ஆளிகளை ஈயம் வைத்துப் பற்றவைக்காமல் செருகியிருந்த பலகை, பிடுங்கி எடுக்கலாம். ஒவ்வோர் ஆளியின் பக்கத்திற்கு இரண்டாக நான்கு கொளுவிகள் உண்டு. நுனி தட்டையான சிறு ஸ்குரூ டிரைவரால் அவற்றை நெம்பினால் மூடி கழலும். சுருள்வில் துள்ளி ஓடும். கீழே வெள்ளைத் துணி விரித்துக்கொள்வது உத்தமம். நீலத் தண்டின் கீழே வெண்மையான ஒரு சிறு துண்டு தளர்வாகத் தொங்கும். அது சட்டென்று விழுந்து அடிப்பதுதான் 'கிளிக்' சத்தம். அந்தத் துண்டில் தடித்த கிரீஸ் பூசினால் விழும் வேகம் தணிந்து சத்தம் மந்தமாகும். முற்றும் ஒழியாது. முற்றும் ஒழிய வேண்டுமானால் சிவப்பு ஆளிகள் வாங்கி மாற்ற வேண்டும். அந்தச் செலவுக்கு இது காலமில்லை.

கிரீஸ் விஷயத்தில் எமது அசட்டுத்தனத்தையும் மறைக்காமற் சொல்லிவிடுகிறோம். சிக்கனம் என்ற பெயரில் முதலில் நாம் இரண்டு ஆளிகளுக்குத் தேங்காயெண்ணெய் தடவினோம். பிற்பகலில் அருமையாக ஓடின. இரவு குளிர் இறங்கியதும் இரண்டும் பிடித்துக்கொண்டன. ஏறக்குறைய 24 பாகை செல்சியசுக்குக் கீழே தேங்காயெண்ணெய் உறையும் என்பதை, தலைக்கு வைக்கும் போத்தலை அடுப்பங்கரையில் வைத்து இளக்குகிற மலைநாட்டுக்காரர் மறந்தால் யார் என்ன செய்வது? மறுநாட் காலை எறும்பும் வந்திருந்தது. தையல் இயந்திர எண்ணெயும் உதவாது. மெலிந்தது, வழிந்து மின்தகட்டிற் படியும். பதுளை பசாரில் எழுநூறு ரூபாய்க்குச் சிறு குழாய் சிலிக்கோன் கிரீஸ் வாங்கினோம். பழைய வர்ணத் தூரிகையின் நுனியில் இம்மியளவு எடுத்து, வெண்துண்டிலும் தண்டின் பக்கங்களிலும் தடவினால் போதும். இரு தகடுகளும் தொடும் இடத்தில் மட்டும் படக் கூடாது. பட்டால் எழுத்து விழுவதில் தடுமாற்றம் வரலாம்.

பலகையில் 87 விசைகள். அத்தனையையும் பிரிக்கப் புறப்பட்டால் அலுத்துப்போகும். மருமகள் தமிழ்99 முறையில் எழுதுகிறவள். அம்முறையில் உயிர் இடக்கையிலும் மெய் பெரும்பாலும் வலக்கையிலும் அமைய, தமிழெழுத்து முழுவதும் 31 விசைகளுக்குள் அடங்கிவிடுகிறது. அவற்றோடு இடைவெளி விசை, அழிக்கும் விசை முதலிய ஐந்தாறு. ஆக, முப்பத்தேழு ஆளிகளை மட்டும் எடுத்துக்கொண்டோம். மேல்வரிசையை யார் தொடுகிறார்கள்? முதல் ஆளிக்கு ஐந்து நிமிடம் ஆயிற்று. பிறகு கை பழகி இரண்டு நிமிடம். இரண்டு மாலைகளில் முடிந்தது.

247 எழுத்துக்களைச் சில விசைகளுக்குள் அடக்குவது என்பது எமக்கு எப்போதுமே வியப்பான சங்கதி. அந்தக் காரியத்துக்கு வழி கண்டவர்களில் முதலிடத்தில் வைத்து எண்ணத்தக்க ஆர். முத்தையா எங்கள் நாட்டவர். யாழ்ப்பாணத்துச் சுண்டிக்குளியில் 1886ஆம் ஆண்டு பிறந்து, மலாயாவுக்கும் சிங்கப்பூருக்கும் பிழைக்கப் போனவர். ஆங்கிலப் பொறியின் ஐம்பதுக்கும் குறைந்த விசைகளிலே தமிழை அமர்த்துவதற்கு, அடித்தாலும் காகிதம் நகராதிருக்கும் விசையை அவர் பயன்படுத்தினார். புள்ளியையும் விசிறியையும் முதலில் அடித்து, நகராத அதே இடத்தில் மெய்யெழுத்தை அடித்தால் இரண்டும் ஒன்றாகப் பொருந்தும். ஜெர்மனியின் ட்ரெஸ்டன் நகரத்து செய்டல் நௌமன் நிறுவனம் அப்பொறியைச் செய்து கொடுத்தது. இலங்கையில் இன்றும் பாமினி எழுத்துருவில் அடிப்பவர்களின் விரல்கள் அந்தத் தட்டெழுத்துப் பொறி மரபிலேயே ஓடுகின்றன. எமது தர நிர்ணயத்தில் இடம்பெற்ற ரெங்கநாதன் விசைப்பலகையும் அந்த மரபையே தழுவியது. தமிழ்99 வேறு வழி: 1999ஆம் ஆண்டு சென்னையில் நடந்த தமிழிணையம் மாநாட்டை ஒட்டித் தமிழ்நாட்டு அரசு ஏற்றுக்கொண்டது. ஒரே மெய்யை இருமுறை அடித்தால் முதலாவதன் தலையில் புள்ளி தானே விழும். விசைகளின் மேல் தமிழெழுத்து ஒட்டவில்லையே என்று தங்கை கேட்டார். வேண்டாம் என்றோம். ஒட்டிய கடதாசி இரண்டு மாதத்தில் உரிந்துவிடும். பார்த்து அடிக்கப் பழகிய கண்ணும் பிறகு பலகையை விட்டு எழாது.

நீண்ட விசைகளுக்கு ஓர் ஆளி போதாமையால் அடியில் வளைந்த கம்பியொன்று தாங்கி நிற்கும். இடைவெளி விசையில் அந்தக் கம்பிதான் கடகடவென்று ஆடியது. கம்பியின் இரு முனைகளிலும் கிரீஸை நிறையவே பூசி, அது தட்டும் இடத்தில் காயத்துக்கு ஒட்டும் பிளாஸ்டரில் ஒரு துண்டு வெட்டி ஒட்டினோம்.

எல்லாவற்றையும் பூட்டி முடித்தபின் கணினியிற் செருகினோம். பெட்டியைத் திருகுவதற்கு முன் செருகிப் பார்த்திருக்க வேண்டும். அந்த நிதானம் எமக்கு இருக்கவில்லை. மருமகள் முதலில் 'அம்மா' என்று அடித்தாள். திரையில் 'அஆ' என்று வந்தது. 'ம' ஆளியைச் செருகும்போது அதன் காலொன்று உள்ளே போகாமல் மடிந்திருந்தது. ஆளியைப் பிடுங்கி, கண்புருவம் பிடுங்கும் குறட்டால் காலை நிமிர்த்தி மறுபடி செருகியதும் சரியாயிற்று. ஆளிகளைச் செருகும்போது கால்கள் நேராக நிற்கின்றனவா என்று ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொள்ளுங்கள்.

செலவு: கிரீஸ் எழுநூறு, டேப் இருநூறு, பிளாஸ்டர் நாற்பது. ஆயிரம் ரூபாய்த் தாளில் மிச்சம் வந்தது. பஸ் கூலியைத் தங்கை கணக்கிற் சேர்க்கவில்லை, நாமும் சொல்லவில்லை.

அன்றிரவு நாம் பெரியம்மாவின் காம்பராவிற் போய் உட்கார்ந்தோம். ஓசையை அடிக்கிறவர் காதால் அளக்கக் கூடாது. கேட்கிறவர் வீட்டிலிருந்து அளக்க வேண்டும். பெரியம்மா சாயத்தண்ணீர் ஊற்றிக் கொடுத்தார். சுவருக்கு அப்பால் மருமகள் அடித்துக்கொண்டிருந்தாள். மழைத்துளி வாழையிலையில் விழுவது போன்ற மெல்லிய சத்தம் கூரை வழியாக வந்தது. கொஞ்ச நேரம் காது கொடுத்துக் கேட்ட பெரியம்மா, "இது பரவாயில்லை. ஆனால் நடுநடுவே ஒன்று மட்டும் டொக்கென்று விழுகிறதே, அது என்ன?" என்றார்.

இடைவெளி விசைதான். பிளாஸ்டரை இரண்டாக மடித்து ஒட்டச் சொல்லிவிட்டு வந்திருக்கிறோம். அதுவரையில் பத்தரை மணிக்குப் பிறகு அடிப்பதில்லை என்று இரண்டு வீட்டாரும் பேசிக்கொண்டிருக்கிறார்கள்.