செவ்வாய் டெட்லிப்ட், புதன் பஸ்கி: இது சரியா?

ஊருக்கு ஊர் தேகப்பயிற்சி சாலைகள் வந்துவிட்டன. "ஜிம்" என்றுதான் எல்லோரும் சொல்கிறார்கள். பல ஜிம்களில் சுவரில் ஓர் அட்டை தொங்கும். திங்கட்கிழமை மார்பு. செவ்வாய்க்கிழமை முதுகு. புதன்கிழமை கால். இப்படியே சனிக்கிழமை வரை எழுதி இருப்பார்கள்.

புதிதாகச் சேரும் பையன் அந்த அட்டையைப் பார்த்துத்தான் பயிற்சி செய்கிறான். அதில் ஒரு கோளாறு இருக்கிறது.

முதுகு நாளில் "டெட்லிப்ட்" வருகிறது. மறுநாள், கால் நாளில், தோள்மேல் பளுவை வைத்துக்கொண்டு பஸ்கி எடுக்க வேண்டும். ஜிம்மில் இதை "ஸ்குவாட்" என்பார்கள். இந்த இரண்டும் அடுத்தடுத்த நாளில் வரக்கூடாது. பளு ஏற ஏற, இது இடுப்புக்குக் கெடுதல்.

டெட்லிப்ட் என்றால் என்ன?

ஒரு நீண்ட இரும்பு ராடு. அதன் இரண்டு முனையிலும் வட்டமான இரும்புத் தட்டுகள். அது தரையில் கிடக்கும். குனிந்து, இரண்டு கைகளாலும் பிடித்து, நிமிர்ந்து நிற்க வேண்டும். அவ்வளவுதான். அசையாமல் கிடக்கும் பளுவைத் தூக்குவதால் அந்தப் பெயர். பெயரைக் கேட்டு வீட்டுப் பெரியவர்கள் பயப்பட வேண்டாம்! தரையில் இருக்கும் தண்ணீர்க் குடத்தை எடுக்கிற பெண் செய்வதும் ஏறக்குறைய இதுதான்.

ராடைத் தூக்கும்போது தொடையும் பிட்டமும் வேலை செய்கின்றன. முதுகெலும்பின் இரு பக்கமும் ஓடும் தசைகள், முதுகு வளையாதபடி இறுக்கிப் பிடித்துக்கொள்கின்றன. பஸ்கி எடுக்கும்போதும் அதே தசைகள்தான் முதுகைப் பிடித்து நிற்கின்றன. "முதுகு நாள்", "கால் நாள்" என்ற பிரிவு எல்லாம் அட்டையில்தான். உடம்பில் அப்படி இல்லை.

கடுமையாக உழைத்த தசை மறுநாள் வலிக்கும். சிலருக்கு இரண்டாம் நாள் வலி இன்னும் அதிகமாக இருக்கும். அந்த நிலையில் தோளில் பளுவை ஏற்றினால் என்ன ஆகும்? களைத்த தசை முதுகை நேராகப் பிடிக்காது. முதுகு வளையும். எலும்புகளுக்கு நடுவே மெத்தைபோல இருக்கும் தட்டுகள்மேல் பாரம் கோணலாக விழும்.

போட்டிக்குப் போகிறவர்கள் வாரத்தில் இரண்டு, மூன்று தடவைகூட டெட்லிப்ட் செய்கிறார்களே என்று பையன்கள் கேட்பார்கள். செய்கிறார்கள். ஆனால் எல்லா நாளும் முழுப் பளுவைத் தூக்குவது இல்லை. ஒரு நாள் அதிகம், ஒரு நாள் குறைவு என்று கணக்குப் பார்த்துத் தூக்குகிறார்கள். பையன்கள் பளுவைப் பார்க்கிறார்கள். கணக்கைப் பார்ப்பது இல்லை.

எந்த நாளில் வைக்கலாம்?

திங்கட்கிழமை பஸ்கி, வியாழக்கிழமை டெட்லிப்ட் என்று வைத்துக்கொள்ளலாம். இடையில் இரண்டு நாள் கிடைக்கிறது. அந்த நாட்களில் மார்புக்கும் கைக்கும் பயிற்சி செய்யலாம்.

இரண்டையும் ஒரே நாளில் முடித்துவிடுவது இன்னொரு வழி. அமெரிக்காவில் டெக்சாஸ் மாநிலத்தைச் சேர்ந்த மார்க் ரிப்பட்டோ என்ற பயிற்சியாளர், புதியவர்களுக்கு அப்படித்தான் சொல்கிறார். முதலில் பஸ்கி, 5 தடவை வீதம் 3 செட். கடைசியில் டெட்லிப்ட், 5 தடவை, ஒரே ஒரு செட்! இங்கே பையன்கள் ஐந்து செட், ஆறு செட் இழுக்கிறார்கள். பக்கத்தில் ஒருவர் போனைப் பிடித்துப் படம் எடுத்தால், இன்னும் ஒரு தட்டு ஏறும்.

"என்ன வேலை பார்க்கிறீர்கள்?"

மாதக் கட்டணத்தை வாங்கும்போதே ஜிம்காரர் கேட்க வேண்டிய கேள்வி இது. பலர் கேட்பது இல்லை.

கிடங்கில் மூட்டை தூக்குகிற இளைஞருக்கு வாரத்தில் ஆறு நாளும் டெட்லிப்ட் ஏற்கனவே நடக்கிறது. நாற்காலியில் உட்கார்ந்து கணக்கு எழுதுகிறவருக்கு உள்ள அட்டையை அவருக்கும் கொடுப்பது என்ன நியாயம்? அவர் முதுகு பிடித்துக்கொண்டால் அன்றாடக் கூலி நின்றுபோகும். அந்தக் கூலியை நம்பி ஒரு குடும்பம் இருக்கிறது. லாரி குறைவாக வரும் நாளில், மறுநாள் ஓய்வு கிடைக்கும்படி பார்த்து, வாரத்துக்கு ஒரு தடவை அவர் செய்தால் போதும். மூட்டை அதிகமாக வந்த வாரத்தில் அதையும் விட்டுவிடலாம். நஷ்டம் ஒன்றும் இல்லை.

இப்படிச் சொல்வதால் டெட்லிப்ட் முதுகுக்கு ஆகாது என்று நினைத்துவிடக் கூடாது. ஆஸ்திரேலியாவில் நடந்த ஓர் ஆராய்ச்சியின் முடிவு 2018-ல் வெளிவந்தது. மாதவிலக்கு நின்று, எலும்பு வலிமை குறைந்த 101 பெண்கள் அதில் சேர்ந்தார்கள். ஒரு பிரிவினருக்கு டெட்லிப்ட், பஸ்கி முதலிய பளுப் பயிற்சிகளைக் கொடுத்தார்கள். வாரத்துக்கு இரண்டே நாள். ஒவ்வொரு நாளும் அரை மணி நேரம். எட்டு மாதம் நடந்தது. அவர்களுடைய முதுகெலும்பு உறுதிப்பட்டது. ஆனால் முதல் நாளே கனத்த பளுவைக் கொடுத்துவிடவில்லை. முதலில் லேசாகத் தொடங்கி, பயிற்சியாளர் பக்கத்தில் நின்று பார்த்துக்கொண்டார். பாட்டிக்குக் கிடைத்த அந்தக் கவனிப்பு பேரனுக்குக் கிடைப்பது இல்லை!

காலை நேரம்

நாளைப் போலவே நேரமும் முக்கியம். இரவு படுத்திருக்கும்போது முதுகெலும்பின் தட்டுகள் நீரை உறிஞ்சி உப்புகின்றன. அதனால்தான் காலையில் எழுந்தவுடன் ஒருவருடைய உயரம், மாலையில் இருப்பதைவிட ஏறக்குறைய ஒரு சென்டிமீட்டர் அதிகமாக இருக்கிறது. அப்போது குனிந்தால் தட்டுகள்மேல் அழுத்தம் அதிகம். எழுந்து நடமாடினால் ஒரு மணி நேரத்தில் இது பெரும்பாலும் சரியாகிவிடும்.

ஐந்து மணிக்கு எழுந்து, ஐந்தேகாலுக்கு ராடைப் பிடிக்கிறவர்கள் இதைக் கவனிக்க வேண்டும். முதலில் நடக்கலாம். கைப் பயிற்சிகளை முடிக்கலாம். டெட்லிப்டை ஆறு மணிக்கு மேல் வைத்துக்கொள்ளலாம்.